சிரி வரும்வரை: நாட்றாம்பாளையத்துக் கேள்விகள்

போன மாதம் ஒகேனக்கல்லில் இருந்து அஞ்செட்டி வழியாக ஓசூர் திரும்பும்போது, நாட்றாம்பாளையத்தில் ஒரு டீக்கு இறங்கினேன். கடை பெஞ்சில் சர்க்கரை டப்பா மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்து, நாலு பையன்கள் தலையோடு தலை இடிக்க ‘விட்சர் 4’ முன்னோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்ததால், ஆறு நிமிடப் படம் முடிய இருபது நிமிடம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. படம் நிற்கும்போதெல்லாம் அடுத்து என்ன வரும் என்று ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். “கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்கப்பா” என்று முகவரி கொடுத்துவிட்டு வந்தேன். ஊரே எழுதியிருக்கிறது. இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

*

கே: பசங்க அந்தப் போனையே முறைச்சிப் பாத்துக்கிட்டு இருக்காங்களே, அதுல வர்ற பொம்பளைப் பிள்ளை யாரு? பேயோட்டியா?
– டீக்கடைப் பெரியவர், நாட்றாம்பாளையம்

ப: ஒரே பார்வையில் பிடித்துவிட்டீர்கள் ஐயா. கூலி பேசிக்கொண்டு பேய் பிசாசு ஒழிப்பவருக்குத்தான் அந்தக் கதையில் விட்சர் என்று பேர். நம் கோடாங்கி கையில் உடுக்கை. இவர்கள் முதுகில் இரண்டு வாள். எஃகு வாள் மனிதருக்கு, வெள்ளி வாள் பேய்க்கு. பிள்ளையின் பெயர் சிரி. போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 1986-ல் ஒரு பத்திரிகையில் எழுதிய சிறுகதையில் தொடங்கிய உலகம் இது. பிறகு நாவல்கள் வந்தன. 2007, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று விளையாட்டுகள் வந்தன. இப்போது நாலாவது.

சாதாரண விளையாட்டில் சுடுவதும் ஓடுவதும்தான் வேலை. இதில் ஆடுகிறவரே அந்தப் பாத்திரம். யாரைக் காப்பது, யாரிடம் பொய் சொல்வது, கூலியை வாங்குவதா விடுவதா எல்லாம் அவர் முடிவு. முடிவுக்குத் தகுந்தபடி கதை திரும்பும். கூத்தில் வேஷம் கட்டியவரிடமே கதையை மாற்றும் உரிமையையும் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் கண் எடுக்காததன் காரணம் அதுதான்.

*

கே: எப்ப சார் வரும்?
– ஐ.டி.ஐ. மாணவர், அஞ்செட்டி

ப: 2027-க்கு முன்னால் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. அதற்குள் ஐ.டி.ஐ. முடித்து, அப்ரன்டிஸ் சேர்ந்து, முதல் ஸ்டைபண்டையும் வாங்கிவிடலாம். வாங்குங்கள்.

*

கே: ஓசூர் சிப்காட்டில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். சைபர்பங்க் 2077 வந்த லட்சணம் மறக்கவில்லை. அதே கம்பெனிதான் விட்சர் 4 செய்கிறது. நம்பலாமா?
– ஷிஃப்ட் தொழிலாளி, சொந்த ஊர் நாட்றாம்பாளையம்

ப: டிஸ்பேட்ச் தேதி நெருங்கும்போது லைனில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை அண்ணே. சிடி ப்ராஜெக்ட்டில் நடந்ததும் அதுதான். சைபர்பங்க்கை 2012-ல் அறிவித்தார்கள். 2020 ஏப்ரல் 16 என்றார்கள், செப்டம்பர் 17 என்றார்கள், நவம்பர் 19 என்றார்கள், டிசம்பர் 10-ல் வெளியிட்டார்கள். கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று 2019-ல் ஊழியர்களுக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று. கடைசி மாதங்களில் வாரம் ஆறு நாள் வேலை. இவ்வளவு பிழிந்தும் சரக்கு தேறவில்லை.

தேறவில்லை என்பதைவிடப் பெரிய தப்பு, மறைத்தது. விமர்சகர்களுக்கு நல்ல கணினியில் ஓடும் பிரதியை மட்டும் கொடுத்தார்கள். பிஎஸ்4-லும் பழைய எக்ஸ்பாக்ஸிலும் அது தடுக்கித் தடுக்கி விழுவது, வாங்கிப் போட்டுப் பார்த்தவர் வீட்டில்தான் தெரிந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம் பிரதிகள். வெளியான எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நிறுவனர்களில் ஒருவரே 2021 ஜனவரியில் கேமரா முன் வந்து மன்னிப்புக் கேட்டார். ரீவொர்க் முடிந்து விளையாட்டு உருப்படியானபோது 2023 செப்டம்பர் ஆகியிருந்தது. இன்றைக்கு அது அருமையான விளையாட்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தத் தடவை நம்பிக்கை தருவது ஒன்று: 2025 ஜூனில், விலை உயர்ந்த கணினியில் காட்டாமல் சாதாரண பிஎஸ்5-லேயே ஓட்டிக் காட்டினார்கள். சிரி குதிரையில் மலை இறங்கி, சந்தைக் கூட்டத்துக்குள் நுழைகிறாள். படம் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. பயம் தருவதும் ஒன்று உண்டு: அது தொழில்நுட்ப மாதிரி மட்டும்தான், விளையாட்டின் பகுதி இல்லை. சாம்பிள் பீஸ் ஓகே ஆனதற்காக லாட் முழுவதற்கும் நீங்கள் சீல் குத்துவதில்லையே? அதே கறாரோடு இருங்கள். போதாக்குறைக்கு, பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழக்கத்தில் வளர்ந்த சொந்த இன்ஜினை ஒதுக்கிவிட்டு அன்ரியல் இன்ஜின் 5-க்கு 2022-ல் மாறியிருக்கிறார்கள். புது மெஷினில் கை பழக நாளாகும். தேதி தள்ளிப்போனால் நான் சந்தோஷப்படுவேன்.

*

கே: அப்போ முன்பதிவு?
– அதே தொழிலாளியின் தம்பி

ப: வேண்டாம். டவுன்லோடு செய்கிற சரக்கு தீர்ந்துபோகாது.

*

கே: கெரால்ட் இல்லாமல் விட்சரா? ஒரு பெண்ணை நாயகியாக்கியதில் என் கூட்டாளிகளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. உங்களுக்கு?
– கல்லூரி மாணவி, தேன்கனிக்கோட்டை

ப: எனக்கும் இல்லை. உன் கூட்டாளிகள் நாவல்களைப் படித்திருந்தால் அவர்களுக்கும் இருக்காது. 1994 முதல் 1999 வரை வந்த ஐந்து நாவல்களின் முடிச்சே சிரிதான். பழைய நாயகன் கெரால்ட் அவளைத் தேடி அலைகிறவர். மூன்றாவது விளையாட்டிலும் அவளைத் தேடுவதுதான் கதை, சில கட்டங்களில் அவளாகவே ஆடவும் செய்தோம். நாலாவதில் கதை தன் சொந்தக்காரியிடம் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

கூட்டாளிகள் கேட்பதில் நியாயமான சந்தேகம் ஒன்று இருக்கிறது. விட்சராக மாற ஒரு கொடிய மருந்துச் சோதனை உண்டு. அது சின்னப் பையன்களுக்கு மட்டும் நடந்தது, அதிலும் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. வளர்ந்த பெண் அதை எப்படித் தாண்டினாள்? விளையாட்டிலேயே பதில் வரும் என்கிறார்கள். ஒரு வரி வசனத்தில் பூசி மெழுகினால் நானும் சண்டைக்கு வருவேன்.

ஆனால் தங்கச்சி, அந்த முன்னோட்டத்தை நீ எந்தக் கண்ணோடு பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஊர் கூடி ஒரு சின்னப் பெண்ணைக் காட்டுப் பூதத்துக்குப் பலி கொடுக்க முடிவு செய்கிறது. சிரி குறுக்கே போய் நின்று பூதத்தைக் கொன்றுவிடுகிறாள். திரும்பி வந்து பார்த்தால், பெண்ணை ஊரே கொன்றிருக்கிறது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் மலைக் கிராமங்களில் எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கேட்காமலேயே பெரியவர்கள் கல்யாணம் பேசி முடிப்பதை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். பூதத்தைவிட ஊர் கொடியது என்று ஆறு நிமிடத்தில் சொன்ன கதைக்கு, ஒரு பெண் நாயகியாக இருப்பதுதான் சரி.

அப்படி ஏதாவது உன் தெருவில் காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போடு. இரவும் எடுப்பார்கள்.

*

கே: நான் ஸ்கைரிம் கட்சி. எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.
– செல்போன் கடைக்காரர், ராயக்கோட்டை

ப: உங்களுக்குப் பொறுமைக்கென்று தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் ஐந்தாவதான ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அடுத்தது வருகிறது என்று 2018 ஜூனில் ஒரு மலைத்தொடரையும் ஒரு பெயரையும் காட்டினார்கள். மொத்தமே அரை நிமிடச் சொச்சம். அன்றைக்கு ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2025-ல் ப்ளஸ் டூ எழுதிவிட்டது. இடையில் அதைச் செய்கிற கம்பெனியின் தாய் நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது, ஸ்டார்ஃபீல்டு என்று வேறொரு பெரிய விளையாட்டும் 2023-ல் வந்துவிட்டது.

இந்தக் காத்திருப்பு தமிழனுக்குப் புதிதில்லை. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தது. 2021 புத்தாண்டு அன்று இரண்டாம் பாகத்துக்கு போஸ்டர் விட்டு, 2024 என்று ஆண்டும் போட்டார்கள். 2024 வந்து போயிற்று, படம் வரவில்லை. வேலை தொடங்கும் முன் மணி அடிப்பது எந்தத் தொழிலிலும் கெட்ட பழக்கம். ரசிகனின் ஆசையும் ஒருவகை முதலீடு; அதை வருடக்கணக்கில் வட்டியில்லாமல் முடக்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

*

கே: எங்க ஊர்ல பிராட்பேண்டு இல்ல. தினம் 2 ஜிபி டேட்டாவுல பெரிய கேம் எல்லாம் இறங்குமா?
– ப்ளஸ் டூ மாணவர், நாட்றாம்பாளையம்

ப: கணக்குப் போடு தம்பி. ‘பால்டர்ஸ் கேட் 3’-க்கு 150 ஜிபி இடம் கேட்கிறார்கள். ஒரு வீடியோ பார்க்காமல், ஒரு மெசேஜ் அனுப்பாமல் இருந்தால் 75 நாள். ஆடிப் பட்டத்தில் கேழ்வரகு விதைத்த கையோடு டவுன்லோடைத் தொடங்கினால், கதிர் முற்றி வரும்போது விளையாடலாம். ஓசூரில் வேலை பார்க்கிற அண்ணன்களிடம் ஹார்டு டிஸ்க் கொடுத்து அனுப்புவதுதான் உங்கள் ஊர் வழக்கம் என்று கேள்விப்பட்டேன். நல்ல வழக்கம். ஆனால் வாங்கிய கணக்கில் இறக்கியதாக இருக்கட்டும். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

*

கே: வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கும் வரும். இங்கிலீஷ் மட்டும்தான் தடுமாற்றம். விட்சர் 3-ல் பாதிப் பேச்சு புரியாமலே முடித்தேன். நாலாவதாவது தமிழில் வருமா?
– பால் சொசைட்டி ஊழியர், நாட்றாம்பாளையம்

ப: வந்த கடிதங்களிலேயே இதைத்தான் இரண்டு முறை படித்தேன். பேச்சுதான் அந்த விளையாட்டின் உயிர். அது புரியாமல் முடித்தீர்கள் என்றால் திரையை மட்டும் பார்த்துவிட்டுப் பாட்டுக் கேட்காமல் வந்த மாதிரி. உங்களுக்கு நேர்ந்தது அநியாயம்.

இந்தக் கம்பெனியின் பழைய கதையைச் சொல்கிறேன். 1994-ல் வார்சாவில், பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர், வெளிநாட்டு விளையாட்டு சிடிக்களைத் தருவித்து விற்கத் தொடங்கியதுதான் சிடி ப்ராஜெக்ட். அன்றைய போலந்தில் திருட்டு சிடி தெருவெல்லாம் கிடைத்தது. காசு கொடுத்து வாங்க யாருக்கு மனம் வரும்? 1999-ல் அவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். ‘பால்டர்ஸ் கேட்’ என்ற அமெரிக்க, கனடியச் சரக்கை முழுக்க முழுக்கப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்தை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளவில்லை. நாடறிந்த நடிகர்களைக் கூட்டி வந்து பேசவைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடமும் புத்தகமும் வைத்தார்கள். திருட்டுப் பிரதி கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்தார்கள்: தாய்மொழி. ஜனங்கள் வரிசையில் வந்து காசு கொடுத்து வாங்கினார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் சொந்த விளையாட்டு செய்யும் தைரியம் வந்தது. முதல் விட்சரை, பால்டர்ஸ் கேட் செய்த அதே பயோவேரின் இன்ஜினை வாங்கித்தான் கட்டினார்கள். 2011-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா வார்சா வந்தபோது, போலந்துப் பிரதமர் அவருக்குக் கொடுத்த பரிசுகளில் விட்சர் 2 ஒன்று. மூன்றாம் பாகம் ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. மொழிபெயர்ப்பில் வயிறு வளர்த்து மேலே வந்த கம்பெனி இது. தாய்மொழியில் விளையாடுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

விட்சர் 3-ல் செக் மொழி இருக்கிறது, ஹங்கேரிய மொழி இருக்கிறது. செக் பேசுகிறவர்கள் ஒரு கோடிச் சொச்சம். நாம் ஏழு கோடிக்கு மேல். பிறகு ஏன் இல்லை? தலையை எண்ணி யாரும் மொழி சேர்ப்பதில்லை, ரசீதை எண்ணித்தான் சேர்க்கிறார்கள். நம் பையன்களில் பலர் திருட்டுப் பிரதியில் ஆடிவிட்டுத் தமிழ் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் நாம் இல்லவே இல்லை. புதிதாக வரும்போது மூவாயிரம், ஐயாயிரம் ரூபாய் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஓரிரு வருடம் பொறுத்துத் தள்ளுபடியில் நானூறுக்கும் ஐந்நூறுக்கும் வாங்குவதிலும் ரசீது உண்டு.

தமிழ் எழுத்து திரையில் உடையும் என்று ஒரு சாக்கு சொல்வார்கள். சில பழைய இன்ஜின்களில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கொம்பு க-வுக்கு முன்னால் வரவேண்டும் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. ஆனால் சிரி ஏறி வருகிற அன்ரியல் இன்ஜினில் இப்படிப்பட்ட எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அந்தச் சாக்கு இனி செல்லாது.

*

கே: அவர்கள் ஊர்ப் பேய் நன்றாக விற்கிறது. நம் ஊர்ப் பேய் ஏன் விற்கவில்லை?
– வரலாற்று ஆசிரியர், கிருஷ்ணகிரி

ப: விற்கப் போனவர்கள் குறைவு ஐயா. புனேயில் ஒரு சின்னக் குழு ‘ராஜி’ என்ற புராண விளையாட்டைச் செய்ய, நிறுவனர் ஒருவர் தன் வீட்டையே விற்றார். 2020-ல் அது உலகம் முழுக்க வெளிவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து ‘வெண்பா’ என்ற சின்ன விளையாட்டு 2023-ல் வந்தது. மறு ஆண்டே பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருது வாங்கியது. இட்லிச் சட்டியே அங்கே நாயகன். ஆக, உலகம் நம் கதையைக் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறது.

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கெரால்ட் வாளை உருவுவதற்கு எத்தனை காலம் முன்னால் இங்கே உலை எரிந்திருக்கிறது! கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நிற்கிற நடுகற்கள் ஒவ்வொன்றும் ஒரு பணி: ஆநிரை மீட்கப் போனவன், புலியைக் குத்திப் பட்டவன். மல்லசந்திரத்துக் கல்திட்டைகளுக்கு நடுவே அந்தி நேரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள், செட் போடவே வேண்டாம்.

பக்கத்திலேயே தகடூர். அதியமான் கையில் நெல்லிக்கனி. தின்றால் நீண்ட ஆயுள். எதிரே ஔவை நிற்கிறாள். தின்பதா, கொடுப்பதா? இரண்டாயிரம் வருடமாக நாம் அதியமான் கொடுத்த முடிவை மட்டும் படித்துவருகிறோம். அந்தக் கனியை ஒரு பதினேழு வயதுப் பையன் கையில் கொடுத்து, நீயே முடிவு செய் என்று சொல்லிப் பாருங்கள். கொடுக்கும்போது அவன் விரல் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் அதியமான் எவ்வளவு பெரியவன் என்று அவனுக்குப் புரியும். எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம் அது.

*

கே: மகள் கேம் டிசைன் படிக்கப் பெங்களூர் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?
– ரோஜாத் தோட்டக்காரர், பாகலூர்

ப: அனுப்புங்கள், ஆனால் நல்லது கெட்டது இரண்டையும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இந்தியாவின் முதல் விளையாட்டுக் கம்பெனிகளில் ஒன்றான துருவா 1997-ல் பெங்களூரில்தான் பிறந்தது. 2019-ல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. அதே பெங்களூரில் 2025 பிப்ரவரியில் திரைப்பட கிராபிக்ஸ் கம்பெனியான டெக்னிகலர் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தியது; ஆயிரக்கணக்கான கலைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகவே ஒரு மென்பொருளை மட்டும் பழகினால் போதாது. நன்றாக வரையவும் எழுதவும் கற்கச் சொல்லுங்கள். கம்பெனி மூடினாலும் அந்த இரண்டும் கூடவே வரும்.

*

கே: பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேய் ஓட்டிக்கிட்டு இருக்கான். என்ன செய்யறது?
– ஒரு தாய், தளி

ப: ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த ஆளை நீ ஏன் காப்பாத்தின?” என்று கேளுங்கம்மா. பதில் நீளமாக வரும். அதற்கப்புறம் பத்து மணிக்கு அணை என்று சொன்னால் கேட்பான்.

*

கே: போலந்துக்காரனுக்கு நாங்க எழுதினா படிப்பானா?
– அந்த நாலு பையன்கள், டீக்கடை பெஞ்ச், நாட்றாம்பாளையம்

ப: நாலு பேர் எழுதினால் படிக்கமாட்டார்கள். நானூறு பேர் எழுதினால் ஒருவர் எண்ணிப் பார்ப்பார், நாலாயிரம் பேர் எழுதினால் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். விளையாட்டு வர இன்னும் காலம் இருக்கிறது; மொழிப் பட்டியலை முடிவு செய்கிற நேரத்தில் நம் கடிதம் மேஜையில் இருக்கவேண்டும். பேச்சுக் குரல் இப்போதே வேண்டாம், அது பெரிய செலவு. திரைக்குக் கீழே தமிழ் எழுத்து, அது ஒன்றை மட்டும் கேளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பழைய விட்சரின் ரசீதைப் படமெடுத்துக் கூடவே வையுங்கள். மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு நான் பொறுப்பு. இந்த மாதம் 30-ம் தேதிக்குள் உங்கள் கடிதங்கள் என் கைக்கு வந்துவிட்டால், மொத்தமாக ஒரே கட்டாகக் கட்டி வார்சாவுக்கு நானே தபாலில் அனுப்புகிறேன்.